முள் கீறலும் 40 மைக்ரான் கிளியர் கோட்டும்

எங்கள் குலதெய்வக் கோயில் சாத்தூருக்குக் கிழக்கே கரிசல் காட்டுக்குள் இருக்கிறது. தார் ரோட்டை விட்டு இறங்கியதும் மண்பாதை, இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம். மாசி சிவராத்திரிக்கு ஊரே கூடும்போது எதிரே ஒரு வேன் வந்துவிட்டால், யாராவது ஒருத்தர் முள்ளுக்குள் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். என்னுடையது அடர்நீல பலேனோ. வெள்ளைக் காரில் பக்கத்தில் போய்க் குனிந்தால்தான் தெரியும் கீறல், இந்த நிறத்தில் தெருமுனையிலிருந்தே பல்லைக் காட்டும்.

திருவிழா முடிந்து வீடு திரும்பியதும் சொந்தக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். ஒரு கட்சி நேரே டிங்கரிங் பட்டறைக்குப் போய், "கதவு முழுக்க பெயிண்ட் அடிச்சிருங்க" என்று சாவியைக் கொடுத்துவிடும். இன்னொரு கட்சி குளியலறையிலிருந்து பல் துலக்கும் பேஸ்ட்டை எடுத்துவந்து தேய்க்கத் தொடங்கும். முதலாவது பெரும்பாலும் வீண் செலவு, இரண்டாவது வீண் வேலை. லேசான கீறலை வீட்டிலேயே, ஒரு காலை நேரத்தில், கையாலேயே எடுத்துவிடலாம். என் மச்சானும் பெரியப்பா பையன்களும் ஒவ்வொரு வருஷமும் போனில் கேட்பதால், இந்தத் தடவை எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில், கீறல் "போவது" என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். கீறல் ஒரு பள்ளம். பள்ளத்தை யாராலும் அழிக்க முடியாது. அதைச் சுற்றியுள்ள மேட்டைப் பள்ளத்தின் அடிமட்டம் வரை தேய்த்து இறக்குகிறோம், அவ்வளவுதான். ஆக ஒவ்வொரு கீறலை எடுக்கும்போதும் பெயிண்டில் கொஞ்சத்தைச் செலவழிக்கிறோம். செலவழித்தது திரும்ப வராது. இந்தக் கணக்கு மனதில் இருந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

நான் சிவகாசியில் ஆப்செட் பிரஸ்ஸில் வேலை பார்க்கிறவன். கார் பெயிண்டின் அடுக்குகளை எனக்கு விளக்க யாரும் மெனக்கெட வேண்டியிருக்கவில்லை, நாள் முழுக்க பார்ப்பதே அதுதான். காலண்டர் ஷீட்டில் நிறங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறிய பிறகு, கடைசியாக மேலே நிறமில்லாத வார்னிஷ் ஓடும். பளபளப்பும் பாதுகாப்பும் அந்த வார்னிஷ்தான். காரிலும் அப்படித்தான். தகட்டின் மேல் பாஸ்பேட் பூச்சு, அதன் மேல் முழு பாடியையும் தொட்டியில் முக்கி மின்சாரம் பாய்ச்சி ஏற்றும் துரு தடுப்புப் பிரைமர், அதன் மேல் இன்னொரு பிரைமர், அப்புறம் நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேல் நிறமில்லாத கிளியர் கோட். இந்த மொத்த அடுக்கின் தடிமன் நம் ஊர் சாதாரணக் கார்களில் ஏறக்குறைய 100 முதல் 130 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). அதாவது 80 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் 80 கிராம் எடையுள்ள) தாள் ஒன்றின் தடிமன். அதில் கிளியர் கோட் மட்டும் 35 முதல் 50 மைக்ரான். வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பாற்றும் சரக்கு அந்தக் கிளியர் கோட்டில்தான் கலந்திருக்கிறது. அதில் ஆயுள் முழுக்க பத்து மைக்ரானுக்குள் செலவழித்தால் நல்லது. அதற்கு மேல் போனால் சில வருஷம் கழித்துப் பானட்டும் கூரையும் வெள்ளை வெள்ளையாக உரிய ஆரம்பிக்கும். விருதுநகர் மாவட்ட வெயிலைப் பற்றி நான் சொல்லவே தேவையில்லை.

அந்தக் காலத்து அம்பாசடரில் இந்த மேல் அடுக்கே கிடையாது. நிறமும் பளபளப்பும் ஒரே எனாமல். மொதலாளியின் வெள்ளை அம்பாசடருக்கு டிரைவர் பாலிஷ் போடும்போது துணி முழுக்க வெள்ளையாகும். இப்போதும் பழைய கார் வைத்திருப்பவர்கள் அதைக் கவனிக்க வேண்டும். தேய்த்த துணியில் காரின் நிறம் வந்தால் அது ஒற்றை அடுக்குப் பெயிண்ட், பயப்பட வேண்டாம். ஆனால் கிளியர் கோட் உள்ள புதுக் காரில் துணியில் நிறம் வந்தால், மேல் அடுக்கு அங்கே தீர்ந்துபோய் நிறத்தையே தேய்த்துக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். அந்த நொடியே கையை எடுத்துவிட வேண்டும்.

சரி, எந்தக் கீறல் எடுபடும், எது எடுபடாது? எனக்கு வசதி, சட்டைப் பையில் எப்போதும் லென்ஸ் கிடக்கும். பிரிண்டில் புள்ளி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கும் அதே லென்ஸை வைத்துக் கதவைப் பார்த்தால், முள் கீறல் ஒரே கோடாக இருக்காது. நடுவில் ஒரு வாய்க்கால், அதன் கரைகளில் பொடிப்பொடியாகச் சிதறிய விளிம்பு. நாம் பார்க்கும் வெள்ளைக்கோடு உண்மையில் அந்தச் சிதறிய விளிம்பில் வெளிச்சம் பட்டுத் தெறிப்பதுதான். நிறம் போய்விட்டது என்று நினைத்துப் பதறுகிற பல கீறல்களில் நிறம் அப்படியே கீழே பத்திரமாக இருக்கிறது.

லென்ஸ் இல்லாதவர்களுக்கு அதைவிட எளிய வழி தண்ணீர். கீறலின் மேல் கொஞ்சம் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். ஈரமாக இருக்கும்வரை கோடு மறைந்து, காய்ந்ததும் திரும்ப வந்தால் அது கிளியர் கோட்டோடு நின்ற கீறல். தண்ணீர் பள்ளத்தை நிரப்புவதால் வெளிச்சம் சிதறுவதில்லை, அதனால் மறைகிறது. ஈரத்திலும் கோடு அப்படியே தெரிந்தால் நிறம்வரை போய்விட்டது. உள்ளே சாம்பல் நிறம் தெரிந்தால் பிரைமர், மின்னினால் தகடு, பம்பரில் கறுப்பாகத் தெரிந்தால் பிளாஸ்டிக். இதற்கு அடுத்தது நகம். கோட்டுக்குக் குறுக்கே நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் கையாலேயே முழுக்க எடுத்துவிடலாம். லேசாகத் தட்டினால் பாதி மங்கும். 'டக்' என்று மாட்டி நின்றால் தேய்க்கவே வேண்டாம், அதற்கு வேறு வழி, கடைசியில் சொல்கிறேன்.

பக்கத்துக் கார் உரசிய இடத்தில் பட்டையாக வெள்ளையோ சிவப்போ ஒட்டியிருந்தால் அது கீறலே இல்லாமலும் இருக்கலாம். அவர்கள் பெயிண்ட் நம் பெயிண்ட் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். கீழே சொல்லும் காம்பவுண்டை, அதாவது தேய்க்கும் தூள் கலந்த பசையை, தொட்டுத் துடைத்தாலே பெரும்பகுதி வந்துவிடும். தின்னரைத் தொடாதீர்கள். தொழிற்சாலைப் பெயிண்ட் தாங்கினாலும், பட்டறையில் அடித்த பெயிண்டாக இருந்தால் தின்னர் அதையும் சேர்த்துக் கரைத்துவிடும்.

முள் என்று சொன்னாலும் கீறுவதில் பெரும்பங்கு முள்ளுடையது இல்லை, முள்ளில் படிந்த புழுதியுடையது. மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் மணலின் கடினம், தாதுக்களை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் 7. எஃகையே கீறும். கிளியர் கோட்டோ ஒருவகைப் பிளாஸ்டிக். கிளை நீளத்துக்கு அந்த மணலை ஏந்திக்கொண்டு கதவில் இழுத்தால் கோடு விழாமல் என்ன செய்யும்? இதையே யோசித்துப் பாருங்கள்: வருஷத்தில் ஒருநாள் கருவேலங்கிளை இழுத்தால் பதறுகிறோம், ஆனால் தினமும் காலையில் காய்ந்த துணியால் புழுதியோடு சேர்த்துத் துடைக்கும்போது ஒன்றும் தோன்றுவதில்லை. வெயிலில் பானட்டைப் பார்த்தால் சூரியனைச் சுற்றி வட்டம் வட்டமாகச் சிலந்தி வலை போலத் தெரிகிறதே, அது முழுக்க நாமே போட்டது.

அதனால் எந்தக் கீறலையும் எடுப்பதற்கு முன் கழுவுவதை ஒழுங்காகச் செய்ய வேண்டும். பிரஸ்ஸில் மை துடைக்க, பட்டறையில் கிரீஸ் துடைக்க, எல்லாவற்றுக்கும் எங்கள் பக்கம் பனியன் வேஸ்ட்தான். திருப்பூரிலிருந்து மூட்டை மூட்டையாக வரும். மெத்தென்றுதான் இருக்கும், ஆனால் அதில் ஓவர்லாக் தையல், நைலான் நூல், சில சமயம் பட்டன்கூட வரும். காரில் அது ஆகவே ஆகாது. பழைய வேட்டியும் வேண்டாம். பருத்தி, மணலை மேற்பரப்பிலேயே வைத்துக்கொண்டு இழுக்கும். மைக்ரோஃபைபர் துணியின் நீண்ட இழைகள் மணலை உள்ளே வாங்கிக்கொள்ளும். காம்பவுண்ட் துடைக்க 300 முதல் 400 ஜி.எஸ்.எம்., கழுவிய பின் ஈரம் ஒற்ற 600க்கு மேல். தாளுக்கு ஜி.எஸ்.எம். பார்த்து வாங்குகிற ஊர்க்காரன், துணிக்கும் ஜி.எஸ்.எம். பார்த்து வாங்குவதைப் பார்த்து வீட்டில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். துணியின் ஓரத்தில் இருக்கும் லேபிளை வெட்டிவிடுங்கள், அதுவும் கீறும். துவைக்கும்போது வாசனைக் கண்டிஷனர் போடாதீர்கள், இழை அடைத்துப்போய் உறிஞ்சாது.

வாளி இரண்டு. ஒன்றில் கார் ஷாம்பு, ஒன்றில் வெறும் தண்ணீர். கார் கழுவும் கையுறையைக் காரில் ஓட்டியதும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் திரும்ப ஷாம்பில் முக்க வேண்டும். அதற்கு முன் ஓஸ் பைப்பில் பெரும்புழுதியைத் தண்ணீராலேயே இறக்கிவிட வேண்டும். மேலிருந்து கீழே, சக்கரம் கடைசி. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் வெயிலில் காயவிடாதீர்கள், வெள்ளைத் திட்டு விழும். அதை எடுப்பது கீறலை எடுப்பதைவிடப் பெரிய வேலை. ஆயுத பூஜைக்குப் பிறகு பானட்டில் காய்ந்துபோன சந்தனத்தை நகத்தால் சுரண்டாமல், ஈரத்துணியைக் கொஞ்ச நேரம் அதன் மேல் போட்டு ஊறவைத்து எடுங்கள். காய்ந்த சந்தனத்தைச் சுரண்டி எடுத்த இடத்தில் பொட்டு அளவுக்கே ஒரு கீறல் வட்டம் பல கார்களில் பார்க்கலாம்.

கார் கவர் பற்றியும் ஒரு வார்த்தை. புழுதியோடு நிற்கும் காரின் மேல் கவரைப் போட்டால், ஆடிக்காற்றில் அந்தக் கவர் படபடவென்று அடித்து ராத்திரி முழுக்க உப்புத்தாள் வேலை பார்க்கும். கழுவிய காருக்கு மட்டும் கவர்.

பேஸ்ட், தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், டபிள்யூடி 40 எல்லாவற்றையும் ஒரே பத்தியில் முடித்துவிடுகிறேன். பேஸ்ட்டில் கால்சியம் கார்பனேட்டோ சிலிக்காவோ இருக்கிறது, அது நிஜமாகவே தேய்க்கும். ஆனால் பல்லின் எனாமலுக்காகச் செய்தது. எவ்வளவு தேய்க்கிறது என்று நம் கையில் கட்டுப்பாடு இல்லை. கீறல் கொஞ்சம் மங்கும், அந்த இடம் முழுக்கப் பனி மூடிய மாதிரி ஆகும், கதவு பீடிங்கின் இடுக்கில் வெள்ளையாகக் காய்ந்து நிற்கும். எண்ணெயும் மண்ணெண்ணெயும் டபிள்யூடி 40 ஸ்ப்ரேயும் தேய்ப்பதே இல்லை, தண்ணீர் மாதிரி பள்ளத்தை நிரப்பி மறைக்கும், அடுத்த கழுவலில் வெளியே வரும். சில வாட்டர் வாஷ் கடைகளில் "பாலிஷ்" என்று போட்டுத் தருவதும் இந்த ஜாதிதான். வாங்கும்போது கண்ணாடியாக இருக்கும், இரண்டு மழையில் பழைய கோடெல்லாம் வரிசையாக எழுந்து வரும். மறைப்பதாகத் தெரிந்தே மறைத்தால் தப்பில்லை, பண்டிகைக்கு முதல்நாள் நானும் செய்வேன். எடுத்துவிட்டேன் என்று நினைக்கக் கூடாது.

இப்போது வேலைக்கு வருவோம். வேண்டியது: ரப்பிங் காம்பவுண்ட் ஒரு டியூப், மெல்லிய பாலிஷ் ஒன்று, ஃபோம் அப்ளிகேட்டர் இரண்டு, மைக்ரோஃபைபர் நாலைந்து, மாஸ்கிங் டேப், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஒரு பாட்டில், கடைசியில் பூச வாக்ஸ். த்ரீஎம், மெகுவையர்ஸ், டர்ட்டில் வாக்ஸ் எல்லாம் ஆட்டோமொபைல் கடையிலும் ஆன்லைனிலும் கிடைக்கின்றன. எந்தப் பிராண்ட் என்பதைவிட எந்த ரகம் என்பது முக்கியம். பட்டறைக்காரர்கள் வாங்கும் முரட்டுக் காம்பவுண்ட் வேண்டாம். அது உப்புத்தாள் போட்ட புதுப் பெயிண்டுக்கானது. "கிளியர் கோட்டுக்கு ஏற்றது" என்று போட்டிருக்கும் மெல்லிய ரகம் போதும். இவற்றில் பெரும்பாலும் அலுமினியம் ஆக்ஸைடுத் தூள் இருக்கும். சில ரகங்களில் தேய்க்கத் தேய்க்கத் துகள் உடைந்து பொடியாகி, முதலில் வெட்டி, முடிவில் மெருகேற்றும்.

காலை ஏழு மணிக்கு முன், நிழலில். கதவின் மேல் புறங்கையை வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும். தகடு சூடாக இருந்தால் காம்பவுண்ட் தேய்ப்பதற்கு முன்பே காய்ந்து மண்ணாகிவிடும். கழுவிக் காய்ந்த கதவில் கையை ஓட்டும்போது வழவழப்பு இல்லாமல் நெருடினால் கிளே பார் போட வேண்டும். சோப்புத் தண்ணீர் தெளித்து, களிமண் போன்ற அந்தக் கட்டியை வழுக்கிக்கொண்டு ஓட்டினால் பெயிண்டில் ஒட்டிய பிசினும் இரும்புத் துகளும் அதில் ஏறிவிடும். கீழே விழுந்த கட்டியை எடுத்துத் திரும்பப் போடாதீர்கள், மண் ஒட்டியிருக்கும். ஒரு கதவுக் கீறலுக்குக் கிளே கட்டாயம் இல்லை, முள் மரத்துப் பிசின் ஒட்டியிருந்தால் மட்டும்.

கைப்பிடி, கறுப்பு பீடிங், கதவின் விளிம்பு, கதவின் நடுவே ஓடும் மடிப்பு, இவற்றில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். மடிப்பிலும் விளிம்பிலும் பெயிண்ட் இயல்பாகவே மெல்லிசாகத்தான் நிற்கும். நம் கையின் அழுத்தம் முழுக்க அங்கேதான் போய் விழும். முதலில் போவது அந்த இடம்தான்.

அப்ளிகேட்டரில் பட்டாணி அளவுக்குக் காம்பவுண்ட், நாலு பொட்டாக. கீறலை மட்டும் குறிவைத்து விரல் நுனியால் அழுத்தித் தேய்க்கக் கூடாது. அப்படித் தேய்த்தால் கீறல் இருந்த இடத்தில் விரல் அகலத்துக்கு ஒரு மங்கிய பட்டை வரும், அது கீறலைவிட அசிங்கம். ஒரு அடிக்கு ஒரு அடி சதுரமாக எடுத்துக்கொண்டு, உள்ளங்கையைப் பரப்பி, முதலில் மேலும் கீழுமாக, அப்புறம் இடமும் வலமுமாக. வட்டமாகத் தேய்க்க வேண்டாம் என்பது என் கட்சி. நேர்க்கோட்டில் ஏதாவது தடம் விழுந்தாலும் ஒரு கோணத்தில் மட்டும்தான் தெரியும், வட்டத் தடம் எங்கே நின்று பார்த்தாலும் தெரியும். ஆரம்பத்தில் காம்பவுண்ட் வெள்ளையாக, நறநறவென்று ஒரு சத்தத்தோடு ஓடும். கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கி, வெள்ளை கலைந்து எண்ணெய் பூசிய மாதிரி கண்ணாடிப் படலமாக மாறும். அங்கே நிறுத்துங்கள். அதற்கு மேல் தேய்த்தால் வெட்டுவதற்கு அதில் சரக்கு இல்லை, வெறும் கைவலிதான். முழுக்கக் காயவிடாமல் மைக்ரோஃபைபரால் துடைத்து எடுங்கள்.

துடைத்ததும் கீறலைக் காணோம் என்று சந்தோஷப்படுவதில் அவசரம் வேண்டாம். காம்பவுண்டில் எண்ணெய் இருக்கிறது, அது மீதிப் பள்ளத்தை நிரப்பி ஏமாற்றும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலோடு சம அளவோ கொஞ்சம் அதிகமாகவோ தண்ணீர் கலந்து, துணியில் தெளித்து ஒருமுறை துடைத்துவிட்டு, போன் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். டார்ச்சை நேராகப் பிடித்தால் எல்லாக் காரும் புதுக் கார்தான். சாய்வான வெளிச்சத்தில் மீதிக் கோடு தெரியும். தெரிந்தால் இன்னொரு சுற்று. இரண்டு மூன்று சுற்றில் போகாத கோடு, கையால் போகாத கோடு. கால்வாசி மிச்சம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். நான் நீலக் கதவில் லென்ஸ் வைத்துப் பார்த்தபோது, சிதறிய கரைகள் வழவழப்பாகி, வாய்க்கால் மட்டும் மெல்லிய இழையாக நின்றது. வெளிச்சம் தெறிக்கக் கரை இல்லாததால் மூன்றடி தள்ளி நின்றால் எதுவும் தெரியவில்லை. எனக்கு அது போதும். பள்ளத்தின் அடிவரை போய்த் தீர்த்துக்கட்ட இன்னும் நாலைந்து மைக்ரான் கொடுக்க வேண்டும், அதைக் கொடுக்க மனசில்லை.

காம்பவுண்ட் தேய்த்த இடம் அக்கம்பக்கத்தைவிடக் கொஞ்சம் மங்கலாகத் தெரியலாம். வேறொரு அப்ளிகேட்டரில் மெல்லிய பாலிஷைத் தொட்டு, அழுத்தமே இல்லாமல் ஒரு சுற்று. அதோடு மங்கல் போய்விடும். இரண்டுக்கும் ஒரே அப்ளிகேட்டரைப் போட்டுக் குழப்பாதீர்கள். அப்புறம் டேப்பை எடுத்துவிட்டு வாக்ஸ். மெல்லிசாகப் பூசி, மங்கியதும் துடைத்துவிட வேண்டியதுதான். தடிமனாகப் பூசினால் பாதுகாப்பு அதிகம் என்பது இல்லை, துடைப்பதில் வேலைதான் அதிகம்.

ஒரு கதவு, ஒரு ஃபெண்டருக்குக் கையே போதும். காரின் ஒரு பக்கம் முழுக்கக் கோடு என்றால் மெஷின் வேண்டும், அதிலும் டூயல் ஆக்‌ஷன் என்கிற ரகம். அது சுற்றிக்கொண்டே ஆடும். அழுத்தினால் சுற்றுவதை நிறுத்திக்கொள்ளும் என்பதால் புதிதாகப் பழகுகிறவர்களை மன்னிக்கும். பட்டறைகளில் இருக்கும் ரோட்டரி ஒரே அச்சில் சுற்றும். ஒரு இடத்தில் நிறுத்திவிட்டால் சூடேறிக் கிளியர் கோட்டையே சுட்டுவிடும். டிரில் மெஷினில் பஞ்சுச் சக்கரம் மாட்டிக்கொள்ளும் மலிவுச் சாமானும் ரோட்டரிதான், பெயரில் மட்டும் பாலிஷர். பம்பரில் எந்த மெஷினானாலும் இன்னும் கவனம். பிளாஸ்டிக் சூட்டைக் கடத்தாது, அங்கேயே தங்கிவிடும்.

வீடியோ பார்த்துவிட்டு மச்சான் 2000 நம்பர் வாட்டர் பேப்பர், அதாவது ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள், வாங்கி வைத்திருக்கிறார். தண்ணீர் விட்டுத் தேய்த்தால் கீறல் போகும், உண்மைதான். ஆனால் கையால் காம்பவுண்ட் போடுவது மைக்ரானில் சில்லறையாகச் செலவழிக்கிறது என்றால், வாட்டர் பேப்பர் நோட்டாக எடுத்து நீட்டுகிறது. பெயிண்டின் தடிமனை அளக்கும் கருவி இல்லாமல் அந்த வேலையில் இறங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு தேய்ப்பது. என் காரில் நான் செய்வதில்லை, மச்சானிடமும் அந்தப் பேப்பரை ஜன்னல் கம்பித் துருவுக்குப் போடச் சொல்லியிருக்கிறேன்.

பழைய காராக வாங்கியவர்கள் தேய்ப்பதற்கு முன் இன்னொன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும்: அந்தக் கதவு ஏற்கெனவே பட்டி டிங்கரிங் பார்த்ததா? பிரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தத்தைத் துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். ஒரு இடத்தில் கப்பென்று பிடித்து, பக்கத்தில் தளர்வாக நின்றால் அங்கே பட்டி போட்டிருக்கிறார்கள். தொழிற்சாலையில் பெயிண்ட் அடித்த பாடியை ஏறக்குறைய 140 டிகிரி சூட்டில் அடுப்பில் வேகவைக்கிறார்கள். பட்டறையில் வயரும் பிளாஸ்டிக்கும் மாட்டிய முழுக் காரை அந்தச் சூட்டில் வைக்க முடியாது. ஹார்டனர் கலந்து, அதிகம் போனால் 60 டிகிரி, இல்லையென்றால் காற்றிலேயே காயவைப்பார்கள். அதனால் அந்தப் பெயிண்ட் பல வாரம் மிருதுவாகவே இருக்கும். அடித்து ஒரு மாதம் ஆகும்வரை வாக்ஸ்கூடப் பூச வேண்டாம்.

இதனால்தான் எங்கள் தெருமுக்குப் பட்டறை அண்ணாச்சி, லேசான கீறலோடு போனால் வேலையை எடுத்துக்கொள்ளவே மாட்டார். "கம்பெனி பெயிண்ட எடுத்துட்டு என் பெயிண்ட அடிச்சா எனக்குக் காசு, ஒங்களுக்கு நட்டம். போயி தேச்சுப் பாருங்க அண்ணாச்சி, போகலைன்னா வாங்க" என்பார். இப்படிச் சொல்கிற பெயிண்டர் அமைந்தால் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

செராமிக் கோட்டிங் போட்டால் கீறலே விழாதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். விளம்பரத்தில் 9 எச் என்று போடுகிறார்களே, அது பென்சில் முனையால் கீறிப் பார்த்துச் சொல்லும் கடினம். மேலே சொன்ன மோஸ் அளவுகோல் இல்லை. குவார்ட்ஸ் மணலுக்கு முன் அது நிற்காது. கழுவ எளிது, தண்ணீர் உருண்டு ஓடும், பளபளப்பு இருக்கும், அதற்காகப் போடலாம். முள்ளுக்கு நிஜமாக ஈடுகொடுப்பது பெயிண்டின் மேல் ஒட்டும் பாலியூரித்தேன் ஃபிலிம்தான். லேசான கோடு வெயில் சூட்டில் தானாகவே மூடிக்கொள்ளும். விலையும் அதற்கேற்றபடி இருக்கும். தானாக மூடிக்கொள்ளும் கிளியர் கோட்டையே நிஸான் 2005இல் ஜப்பானில் அறிவித்தது. பிசினில் ரப்பர் தன்மை சேர்த்து, லேசான கீறல் ஒரு நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் சமனாகும்படி செய்தார்கள். நம் விலைக்கு வரும் கார்களில் அதையெல்லாம் எதிர்பார்க்க முடியாது.

நகம் மாட்டுகிற, நிறம் போன கீறலுக்கு வழி டச்சப் பெயிண்ட். காரின் பெயிண்ட் நிறக் குறியீடு, கம்பெனியைப் பொறுத்து, டிரைவர் கதவுத் தூணிலோ பானட்டுக்குள்ளோ ஒட்டியிருக்கும் தகட்டில் இருக்கும். மாருதியின் வெள்ளி நிறத்துக்கு இசட் 2 எஸ் என்பது மாதிரி சின்னக் குறியீடு. "நீலம்" என்று கேட்டு வாங்காதீர்கள், ஒரே கம்பெனியிலேயே நாலு நீலம் உண்டு. கீறலுக்குள் இருக்கும் வாக்ஸை ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, பாட்டிலோடு வரும் பிரஷ் தடிமன் என்பதால் அதை ஒதுக்கிவைத்து, பல்குத்தும் குச்சியின் நுனியில் தொட்டுப் பள்ளத்துக்குள் மட்டும் விடுங்கள். ஒரே தடவையில் நிரப்பப் பார்த்தால் திரண்டு நிற்கும். மெல்லிசாக விட்டு, காயவிட்டு, திரும்பவும் விட வேண்டும். கடைசியாக அதே மாதிரி கிளியர். மெட்டாலிக் நிறமென்றால் அந்த இடம் கொஞ்சம் கறுத்துத்தான் தெரியும், அலுமினியத் துகள் ஸ்ப்ரேயில் தட்டையாகப் படுக்கிற மாதிரி குச்சியில் படுக்காது. தகடு தெரிகிற கீறலை மட்டும் மழைக்கு முன் கட்டாயம் மூடுங்கள், துரு அங்கேதான் பிடிக்கும். பம்பரில் கறுப்பு தெரிந்தால் துருப்பிடிக்கப் போவதில்லை, அழகைப் பார்க்காதவர்கள் அப்படியே விட்டுவிடலாம். என் காரின் பின்பக்க பம்பர் மூலையில் அப்படி ஒன்று கிடக்கிறது. அதை நான் தொடவே இல்லை.